மஞ்சள் இல்லத்துக் கப்பல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மஞ்சள் இல்லத்துக்குத் தலைவியாக வர ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. சிவப்பு, நீலம், பச்சை இல்லங்களின் தலைமைக்காகப் பெற்றோரே வந்து அதிபரோடு கதைத்துவிட்டுப் போவார்கள். மஞ்சளுக்கு மட்டும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இல்லங்களுக்கிடையே நடக்கிற மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டியில் நாங்கள் நாலாவதாக வருவோம் என்பதை ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. மொத்தம் இருந்ததே நாலு இல்லங்கள்தான். என்னுடைய கடைசி வருடம், உயர்தரப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்க வேண்டிய நேரத்தில், என்னைப் பிடித்தார்கள். நான் விவாத அணியில் இருந்தவள். இவளுக்கு வாய் இருக்கிறது, எப்படியும் சமாளிப்பாள் என்று ஆசிரியர்கள் நினைத்திருக்க வேண்டும். வாயால் நூறு மீற்றர் ஓட முடியாது என்பதை அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பருத்தித்துறையிலிருந்து கரைவீதியால் மேற்கே வந்தால், வீதிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எங்கள் பள்ளிக்கூடம். மைதானம் முழுக்க மணல். தை, மாசியில் வாடைக்காற்று ஒரு மதிலையும் மதிக்காமல் நேரே உள்ளே வரும். அந்த நாட்களில் ஈட்டி எறிந்தால் அது நாங்கள் எறிந்த பக்கம் போகாது, தான் விரும்பின பக்கம் போகும். விளையாட்டுப் போட்டியையும் அந்த மாதங்களிலேயே வைப்பார்கள். ஏன் என்று கேட்டால், எப்போதும் அப்படித்தான் என்பார்கள்.

நல்ல காலம், எல்லாப் புள்ளியையும் ஓடித்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வோர் இல்லத்துக்கும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். அதில் மூங்கில், தென்னோலை, பழைய சீலை, கலர்க் கடதாசி என்று கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகள் ஓர் அலங்காரம் கட்டி நிறுத்துவார்கள். கோபுரம் வரும், கோட்டை வாசல் வரும், ஒருமுறை நீல இல்லத்துக்காரர் ஒரு ரயில் பெட்டியே கட்டினார்கள். நடுவர்கள் சுற்றிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். முதலிடம் பெற்ற அலங்காரத்துக்குத் தனியாக ஒரு வெற்றிக் கிண்ணமும் உண்டு. ஓட்டத்தில் எங்கள் இல்லத்தின் கால்களை நம்பிப் பயனில்லை என்பதால் நான் அந்தக் கிண்ணத்தில் கண் வைத்தேன். அதற்கு எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான்.

எங்கள் வகுப்பில் ஒரு பட்டக்காரன் இருந்தான். எங்கள் கரையில் பட்டம் ஏற்றுவதை விளையாட்டென்று சொன்னால் அடிக்க வருவார்கள். தைப்பொங்கலுக்கு அதற்குப் போட்டி, மேடை, நடுவர், பரிசு, பிறகு நடுவரோடு சண்டை எல்லாம் முறையாக நடக்கும். மீன், பாம்பு, வண்டில் மாடு என்று எதைச் சொன்னாலும் கட்டி ஏற்றிவிடுவார்கள். அவன் அப்படியொரு வீட்டுப் பிள்ளை. வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பான். வாய் திறக்கமாட்டான். ஆனால் கை சும்மா இருக்காது. ஈர்க்கை வளைக்கும், பஸ் ரிக்கற்றை மடிக்கும், வினாத்தாளுக்கு வால் கட்டும். பௌதிகவியலில் அவன் எடுத்த புள்ளியை வெளியில் சொன்னால் அவனுக்கு ஒன்றுமில்லை, பக்கத்தில் இருக்கிற எங்களுக்குத்தான் வெட்கம்.

அதற்கு முந்திய வருடம் பொங்கல் முடிந்த கையோடு அவன் ஒரு வேலை செய்தான். பெரிய பட்டம் ஒன்றை விடியவே ஏற்றி, கயிற்றைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவன்போலக் காலைப் பிரார்த்தனைக்கு வந்து நின்றான். பட்டத்தின் தலையில் விண் பூட்டியிருந்தது. விண் என்பது வில்லில் நார் இழுத்துக் கட்டிய சாமான். காற்றுப் பட்டால் கூவும். அதிபர் பேசத் தொடங்க அதுவும் கூவத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் பழுது என்று நினைத்து அதிபர் அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் கூவியது. தேன்கூடு கலைந்துவிட்டதென்று பயந்து சின்ன வகுப்புகளை உள்ளே அனுப்பினார். கடைசியில் அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே, யார் கட்டினதென்றுகூடக் கேட்காமல், “நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா,” என்றார். யாருக்குச் சொன்னார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதிபர் கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர். அவனைக் கண்டால் அவருக்கு அந்த ஒரு வசனம்தான் வரும்.

அவனுடைய அப்பா இரவில் கடலில், பகலில் நித்திரையில். ஆகவே பள்ளிக்கூடம் அம்மாவின் பொறுப்பு. அதற்கென்றே அவரிடம் ஒரு நாவல்நிறச் சீலை இருந்தது. கலியாணவீட்டுக்கோ கோயிலுக்கோ அதைக் கட்டமாட்டார். அதைக் கட்டிக்கொண்டு படலையைத் திறந்தாரென்றால் அயலட்டைச் சனம், “இண்டைக்கு என்னவாம் செய்தவன்?” என்று கேட்கும். அவர் படலையைச் சாத்திவிட்டு நடப்பார். அதிபரின் அறையில் ஒரு கதிரையின் நுனியில் இருந்து, ஓம் சேர், ஓம் சேர் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். ஆறாம் வகுப்பிலிருந்து இதுதான் நடந்தது.

விண் கூவிய பிறகு அவருக்குப் பொறுமை முடிந்துவிட்டது. வீட்டில் இருந்த பட்டங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் வைத்தார். அவரும் பட்டம் கட்டுகிற வீட்டில் பிறந்தவர்தான், தன் தகப்பனும் தமையன்மாரும் கட்டக் கட்டப் பார்த்து வளர்ந்தவர்தான். அதனால்தான் அவ்வளவு கோபம். மகனை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரம் கொளுத்தி, உயர்தரப் பரீட்சை முடியும் வரைக்கும் பட்டம் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணுவித்தார். அடுத்த பொங்கலுக்கு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவன் வீட்டுக்குள் இருந்து இரசாயனவியல் படித்தான். படித்தான் என்று அவன் சொன்னான்.

நான் அவனைச் சைக்கிள் கொட்டிலில் வைத்துப் பிடித்தேன்.

“மஞ்சள் இல்லத்துக்கு ஒரு பாய்க்கப்பல் கட்டித் தரவேணும்,” என்றேன். “பெரிசா. மூண்டு பாயோடை.”

“நான் சத்தியம் பண்ணினனான்.”

“என்னெண்டு?”

“பட்டம் தொடமாட்டன் எண்டு.”

“கப்பல் பட்டமோ?”

அவன் யோசித்தான். “இல்லை.”

“சத்தியத்திலை கப்பல் எண்டு ஏதும் சொன்னனியோ?”

“இல்லை.”

“பேந்தென்ன?”

விவாத அணியில் எனக்கு எதிராக நின்றவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் வாயை மூடுவார்கள். அவன் மூடவில்லை. சைக்கிள் மணியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே கேட்டான்.

“முதலாமிடம் வந்தால் கிண்ணத்தை ஆர் வாங்கிறது?”

“இல்லத் தலைவி. நான்தான்.”

“எங்கடை அம்மா வந்து வாங்கலாமோ?”

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“இவ்வளவு வருசமும் ஏச்சு வாங்கத்தான் அவ இஞ்சை வந்தவ. இதுதானே கடைசி வருசம். ஒருக்கால் நல்லதுக்கு வந்திட்டுப் போகட்டும்.”

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அப்படி வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும், அது என் பழக்கம். “உதைச் சொல்ல உனக்கு ஏழு வருசம் தேவைப்பட்டதோ?” என்று ஏசினேன். உன் அம்மாதான் மேடைக்கு ஏறுவா, நான் பின்னால் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். மணியை ஒழுங்காகப் பூட்டச் சொன்னேன். அது என்னுடைய சைக்கிள்.

பின்னேரம் பாடம் முடிந்ததும் விஞ்ஞான கூடத்துக்குப் பின்னால் வேலை நடந்தது. மஞ்சள் இல்லத்துப் பெடியள் எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் கரையூர்க்காரர், கையில் மூங்கில் கிடைத்தால் மற்றதெல்லாம் மறந்துவிடுகிறவர்கள். ஒரே ஒருவன்தான் வெளியூர். அவன் சுன்னாகத்துத் தோட்டக்கார வீட்டுப் பிள்ளை. பெரியம்மா எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் அவர் வீட்டில் நின்று எங்களோடு படித்தான். இரும்புக் குண்டு போடுவதில் எங்கள் கல்வி வலயத்திலேயே அவனை வெல்ல ஆளில்லை. மஞ்சள் இல்லத்துக்கு நிச்சயமாக வரக்கூடிய ஒரேயொரு முதலிடம் அவனுடையது. அவனுடைய பொழுதுபோக்கு சாப்பிடுவது. அதற்கு அடுத்தது, எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பது.

மூங்கிலைக் கீறினார்கள். கண்ணாடித் துண்டால் சிராய் போக இழைத்தார்கள். ஒரு தடி கொஞ்சம் பாரமென்றால் மறுபடி இழைத்தார்கள். கப்பலின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஒரு பக்கம் சரிகிறதென்று இரண்டு நாள் மினக்கெட்டார்கள். மஞ்சள் கடதாசியைப் பசை பூசி இழுத்து ஒட்டினார்கள், தட்டினால் மத்தளம் போலச் சத்தம் வந்தது. வகுப்பறையளவு நீளமான கப்பல். முடிந்த அன்று பட்டக்காரன் அதன் நடுவில் இரண்டு விரலை வைத்து அப்படியே தூக்கிக் காட்டினான். கப்பல் அசையாமல் விரலில் நின்றது. எல்லோரும் கைதட்டினோம். எங்கள் இல்லப் பொறுப்பாசிரியை கண் கலங்கி, “இந்த முறை எங்களுக்குத்தான் பிள்ளையள்,” என்றார்.

நிலத்தில் நிற்கப்போகிற சாமானுக்கு எதற்கு இந்தப் பாரம் குறைக்கிற வேலை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுன்னாகத்தானுக்குத் தோன்றியது.

“உதுக்கு ஏன் கால் இல்லை?” என்று கேட்டான்.

“கப்பலுக்குக் கால் இருக்கோடா?”

“நிலத்திலை நிக்கிறதெண்டால் கால் வேணுமெல்லே. ஏன் உவ்வளவு பாரமில்லாமல் கிடக்கு?”

“உது கடற்கரைச் சாமான் மச்சான். வெங்காயம் கிண்டுற ஆக்களுக்கு விளங்காது,” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் கோபிக்காமல் தன்னுடைய மீன் வைத்த மாலுபாணைச் சாப்பிட்டான்.

போட்டி நாள் வந்தது. காலையிலேயே காற்று ஒருமாதிரி இருந்தது. கப்பலை எங்கள் துண்டு நிலத்தில், கடலைப் பார்த்தபடி, மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தோம். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. பக்கத்தில் பச்சை இல்லத்தின் தென்னோலைக் கோபுரம் அதற்கு முன்னால் வாடிப்போய்த் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு மெத்தச் சந்தோஷம்.

“காத்து அடிக்குது. கயிறு கட்டி விடு,” என்று பட்டக்காரனுக்குச் சொல்லிவிட்டு அணிநடைக்கு ஓடினேன். நான் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். நின்று பார்த்திருந்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அவன் கப்பலின் மேலே இரண்டு இடத்திலும் கீழே ஓரிடத்திலும் கயிறு கட்டி, மூன்றையும் ஒரு முடிச்சுக்குக் கொண்டுவந்து, அந்த முடிச்சிலிருந்து ஒற்றைக் கயிற்றை இழுத்து, மணலில் அடித்த இரும்பு அலவாங்கில் கட்டினான். கயிறு நீளமாக இருந்தது. அதை வெட்டாமல் மிச்சத்தைச் சுருட்டி வைத்தான். பட்டத்துக்குக் கட்டுகிற இந்தக் கட்டை எங்கள் பக்கத்தில் முச்சை என்போம். அவனைக் கேட்டால் தான் முச்சை கட்டினதே தெரியாது என்பான். அது உண்மை. கயிறு கட்டு என்றேன், அவன் கை தனக்குத் தெரிந்த ஒரே கட்டைக் கட்டியது. சுற்றி நின்ற பெடியளுக்கும் அதில் பிழை தெரியவில்லை, ஏனென்றால் அவர்களும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

அலவாங்கு மணலில் ஆடிக்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்து அதைக் கண்டு, சுன்னாகத்தானைக் கூப்பிட்டேன். நடுவர்கள் பார்த்துவிட்டுப் போகும் வரைக்கும் அலவாங்கைப் பிடித்துக்கொண்டு அதில் இருக்கச் சொன்னேன். குண்டு போடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் ஏன் என்று கேட்டான். நான் சொல்கிறேன் என்பதால் என்றேன். ஒரு ரோல்ஸ் பார்சலோடு வந்து இருந்தான்.

ஒலிவாங்கியில் எங்கள் வகுப்பு அறிவிப்பாளன் இருந்தான். அவனும் மஞ்சள் இல்லம்தான். அவனுக்கு வானொலிக்குப் போக ஆசை, வீட்டில் அவனை வைத்தியராக்க ஆசை. பென்சில் கேட்டால்கூட, “தற்சமயம் உங்களிடம் மேலதிகமாக ஒரு பென்சில் இருக்குமாயின்” என்று தொடங்குவான். அவன் கேட்டு முடிக்கப் பாடம் முடிந்துவிடும். அன்று அவனுக்குப் பொன்னான நாள். மைதானத்தில் தண்ணீர் போத்தல் விழுந்தாலும் அறிவித்துக்கொண்டிருந்தான்.

நடுவர்கள் நீல இல்லத்துக்குப் போன நேரம், பட்டக்காரனின் அம்மா வந்தார். அன்று அவர் கட்டியிருந்தது கிளிப்பச்சைச் சீலை, தலையில் பூவும் வைத்திருந்தார். அவரை அப்படி நான் கண்டதேயில்லை. பட்டக்காரன் ஓடிப்போய்க் கூட்டிவந்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தது.

“வாங்கோ அன்ரி,” என்றேன். “உங்கடை மகன்ரை வேலையைப் பாருங்கோ.”

அவர் கப்பலைப் பார்த்தார். மூக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். மூன்று கயிறும் சேருகிற முடிச்சில் அவர் கண் நின்றது. முகம் மாறியது.

“தம்பி,” என்றார். “உது பட்டமல்லோ.”

“இல்லையம்மா. கப்பல்.”

“முச்சை கட்டிக் கிடக்கு.”

அவன் முடிச்சைப் பார்த்தான். அன்றுதான் முதல்முதல் காண்பவன் மாதிரிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது. அதே நேரம் கடல் பக்கமிருந்து காற்று வந்தது.

கப்பல் அவசரப்படவில்லை. முதலில் மூக்கைத் தூக்கியது. பிறகு பின்பக்கத்தைத் தூக்கியது. பிறகு நிலத்தை விட்டு மெதுவாக, வெகு மரியாதையாக எழும்பியது. அலவாங்கு மணலைவிட்டு உருவிக்கொண்டு வந்தது. சுன்னாகத்தான் வாயில் ரோல்ஸோடு கயிற்றைப் பிடித்தான். சுருட்டி வைத்த மிச்சக் கயிறெல்லாம் விர்ரென்று அவிழ்ந்து போனது. கப்பல் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு மேலே போய் நின்றது. சுன்னாகத்தான் மைதானத்துக்குள் இழுபட்டுப் போனான். இடையிடையே அவன் கால் நிலத்தில் படவில்லை.

“அன்பார்ந்த பெற்றோர்களே, பழைய மாணவர்களே,” என்று ஒலிபெருக்கி சொன்னது. “தற்போது மஞ்சள் இல்லத்தின் அலங்காரம் மைதானத்தின் தென்மேற்குத் திசை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகின்றோம்.”

சனம் எழும்பி நின்றது. பிரதம விருந்தினர் போனை எடுத்துப் படம் பிடித்தார். இதுவும் நிகழ்ச்சியில் உள்ளது என்று நினைத்துக் கைதட்டினார், அவர் வெளியூர். ஊர்ப் பெரியவர்கள் மட்டும் கைதட்டவில்லை. அவர்கள் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வாலில்லாமலே நிற்குது பார், நடுப் பாய் கொஞ்சம் சின்னனாயிருந்திருக்கலாம் என்று நடுவர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். உண்மையான நடுவர்கள் எங்கள் வெறும் நிலத்துக்கு முன்னால் வந்து நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“குண்டு போடுதல், இறுதிச் சுற்று,” என்றான் அறிவிப்பாளன். “மஞ்சள் இல்ல வீரர் உடனடியாகத் தனது இடத்துக்குச் சமுகமளிக்கவும்.” மஞ்சள் இல்ல வீரர் அந்த வேளை குண்டு போடும் வட்டத்தைத் தாண்டித்தான் இழுபட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நிற்க முடியவில்லை.

பெடியள் எல்லோரும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்கக் கப்பல் இன்னும் மேலே போனது. பட்டக்காரன் மட்டும் கயிற்றைத் தொடவில்லை. அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அழுகிற முகத்தோடு நின்றான்.

“டேய், நீ பிடியடா,” என்று கத்தினேன்.

“நான் சத்தியம் பண்ணினனான்.”

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. அதிபரின் அறையில் ஓம் சேர் என்று மட்டும் சொல்லுகிற அந்த அம்மாவுக்கு அப்படியொரு குரல் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

“இழுக்காதையுங்கோடா. இழுத்தால் ஏறும். இளக்குங்கோ.” சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மணலில் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “தம்பி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போய்க் கயிற்றைப் பிடி.”

“அம்மா, சத்தியம்.”

“சத்தியத்தைப் பேந்து பாப்பம். இப்ப இளக்கு.”

அவன் ஓடிப்போய்ப் பிடித்தான். அவரும் பிடித்தார்.  அவர் ஒருபக்கம் நடக்க அவன் மறுபக்கம் நடந்தான், அவர் விட அவன் விட்டான். கப்பல் காற்றிலிருந்து மெல்ல விலகி, மூக்கைத் தாழ்த்தி, இறங்கத் தொடங்கியது. மைதானம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. ஒலிபெருக்கிகூட வாயை மூடிக்கொண்டது. ஒரு பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு வந்ததும் காற்று ஒருதரம் ஏமாற்றிவிட்டது. கப்பல் பச்சை இல்லத்தின் கோபுரத்தின் மேல் போய் இருந்தது. கோபுரமும் மெதுவாகக் கீழே குந்தியது.

“பச்சை இல்லத்தின் அலங்காரமும் இத்துடன் நிறைவுபெறுகிறது,” என்றான் அறிவிப்பாளன்.

இனி என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். நடுவர்கள் வந்த வேளையில் எங்கள் எல்லைக்குள் அலங்காரம் எதுவும் இல்லை, ஆகவே புள்ளியும் இல்லை. பச்சை இல்லத்துக்காரர் என்னோடு சண்டைக்கு வந்தார்கள், நான் விடவில்லை, கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. சுன்னாகத்தான் உள்ளங்கை இரண்டும் உரிந்துபோய் முதலுதவிக் கூடாரத்தில் இருந்தான். அவனுடைய முதலிடம் சிவப்புக்குப் போனது. “நான் கேட்டனான்தானே, ஏன் கால் இல்லை எண்டு,” என்றான். நான் ஒரு ரோல்ஸ் வாங்கி அவன் வாயில் வைத்தேன். மஞ்சள் இல்லம் நாலாவதாக வந்தது. கிண்ணம் முன்பு ரயில் பெட்டி கட்டிய நீல இல்லத்துக்குப் போனது.

பரிசளிப்பு முடிந்து சனம் கலையத் தொடங்கியது. பட்டக்காரன் உடைந்த கோபுரத்துக்குப் பக்கத்தில் மணலில் இருந்தான். அவன் அம்மா கழன்ற செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அப்போது ஒரு மாணவர் முதல்வன் ஓடிவந்து, “அண்ணை, அதிபர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்,” என்றான்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “பரிசு வாங்கத்தான் அம்மா உங்களைக் கூப்பிட்டனான்,” என்றான். “பட்டமெண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது.”  பதினெட்டு வயதுப் பெடியன், மீசை வேறு, சின்னப்பிள்ளை மாதிரி விக்கினான். நானும் அழுதேன். மறைக்கவில்லை. அவன் அம்மாவை மேடைக்கு ஏற்றுவேன் என்பது நான் கொடுத்த வாக்கு.

அவர் அவன் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

“கோயிலிலை அம்மாளாச்சிக்கு நான் சொல்லுறன்,” என்றார். “நீ எழும்பு.” பிறகு என்னைப் பார்த்தார். “பிள்ளை, உன்ரை போனிலை ஒரு படம் எடு. படத்திலை கப்பலும் தெரியவேணும்.”

“அன்ரி, அதிபர் பாத்துக்கொண்டு நிப்பார்.”

“நிக்கட்டும்.”

அவர் கப்பலுக்கு முன்னால் போய் நின்றார். பூவைச் சரிசெய்தார். மகனைப் பக்கத்தில் இழுத்து, முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்து, நிமிர்ந்து நில் என்றார். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். பாயின் ஒரு மூலை கிழிந்திருந்தது, மற்றப்படி கப்பல் முழுசாகத்தான் இருந்தது. எடுக்கப்போகிற நேரம் படத்துக்குள் வெள்ளைக் களுசான் போட்ட இரண்டு கால்கள் வந்தன. ஏன் இன்னும் காணவில்லையென்று பார்க்க அதிபரே இறங்கி வந்துவிட்டார். எங்களைக் கண்டதும் நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்தார்.

“சேர், கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ,” என்றார் அந்த அம்மா. “கப்பல் மறையுது.”

அதிபர் தள்ளி நின்றார். கப்பலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தானும் வந்து நிற்கலாமோ என்று கேட்டார்.

“அடுத்த படத்திலை வாங்கோ சேர்,” என்றார் அவர். “இது எனக்கும் என்ரை பிள்ளைக்கும்.”